ஒரே திருமடல், இரு குருக்கள்

1936-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வானொலியில் ஒரு கத்தோலிக்கக் குரு இன்னொரு கத்தோலிக்கக் குருவை மறுத்துப் பேசினார். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பேசியவர் பேரருட்திரு ஜான் இரயன். மறுக்கப்பட்டவர் அருட்திரு சார்லஸ் காக்ளின். இருவரும் ஏழைத் தொழிலாளியின் பெயராலேயே பேசியவர்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ திருமடலையே இருவரும் சான்றாகக் காட்டினர். அவ்வாறிருக்க, இவர்கள் எதிரெதிர் நின்றது எங்ஙனம்?

இரயன் 1869-இல் மின்னசோட்டா மாநிலத்தில், ஐரிஷ் குடியேறிகளின் பண்ணை வீட்டில் பிறந்தார். விளைபொருளுக்கு விலையின்றி, இரயில் நிறுவனங்களின் கட்டணத்துக்கும் வங்கிகளின் வட்டிக்கும் இடையே உழவர்கள் நசுங்கிய காலம் அது. அவர்களது சினமே ‘மக்கள் கட்சி’யாக உருப்பெற்று, 1892-ஆம் ஆண்டுத் தேர்தலில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. அக்கட்சியின் ஒமாகா அறிக்கைக்கு முன்னுரை வரைந்த இக்னேஷியஸ் டொன்னெலி அதே மாநிலத்தவர்; இளம் இரயனைக் கவர்ந்தவர். பின்னர்க் குருமடத்தில் திருமடலைப் படித்த இரயன், உழவர் கூட்டங்களின் முறையீட்டுக்கு அதிலே இறையியல் அடித்தளம் கண்டார்.

ஆனால் அவர் மேடை ஏறவில்லை. கணக்குப் பார்க்க அமர்ந்தார். 1906-இல் வெளிவந்த அவரது ஆய்வுநூல், குடும்பம் மாண்புடன் வாழத் தேவையான ஊதியம் யாது என்று வினவியது. உணவு, உடை, வாடகை என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, நகரத் தொழிலாளிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 600 டாலருக்குக் குறைந்த எதுவும் வாழ்வூதியம் ஆகாது என்று அது முடிவுகட்டியது. அறநெறி இறையியலில் டாலர் கணக்கு எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். எண்ணைக் குறிப்பிடாத நீதி, முதலாளிக்கும் இனிக்கும் என்பதே நம் விடை. 1919-இல் நான்கு ஆயர்கள் கையொப்பமிட்ட சமூகச் சீரமைப்புத் திட்டத்தை வரைந்தவரும் இரயனே. குறைந்தபட்ச ஊதியம், நோய்க்கும் வேலையின்மைக்கும் முதுமைக்கும் காப்பீடு ஆகியவற்றை அது கேட்டது. அன்று அதனைச் சமவுடைமை என்று பழித்தோர் பலர். 1923-இல் உச்ச நீதிமன்றம் பெண் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஒன்றைச் செல்லாது என்றது. இரயன் ஓயவில்லை.

காக்ளின் வேறு வகையினர். கனடாவில் 1891-இல் பிறந்த அவர், டெட்ராய்ட் நகருக்கு அருகே ராயல் ஓக் என்னும் ஊரில் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்குக் கோவில் எழுப்பி, 1926-இல் வானொலியில் மறையுரை ஆற்றத் தொடங்கினார். பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலையிழந்தோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்தனர். கோவிலிலிருந்து நாணயம் மாற்றுவோரை இயேசு விரட்டிய நிகழ்ச்சியை வங்கி முதலாளிகளுக்குப் பொருத்தி அவர் முழங்கியபோது, கேட்டவர்கள் 3 கோடி வரை இருந்தனர் எனச் சில மதிப்பீடுகள் கூறும். அவரது தொடக்கக் கால உரைகளில் நாம் மறுக்கத்தக்கது குறைவு. பசித்தவனுக்காக அவர் உண்மையாகவே கலங்கினார் என்றே நம்புகிறோம்.

1932-இல் அவர் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். தம் நாணயக் கொள்கை ஏற்கப்படாது என்றானதும் பகைத்தார். 1936-இல் ‘யூனியன் கட்சி’யை உருவாக்கி வில்லியம் லெம்கியை வேட்பாளராக்கினார். கிளீவ்லந்து மாநாட்டில் மேலங்கியையும் குருத்துவக் கழுத்துப்பட்டையையும் கழற்றிவிட்டு, நாட்டின் தலைவரைப் பொய்யர் என்றார். இரயன் வானொலிக்கு வந்தது இதற்குப் பின்னரே.

இரயனையும் நாம் முற்றாக வாழ்த்த இயலாது. அவ்வுரைக்கான வானொலி நேரத்துக்குப் பணம் செலுத்தியது ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சி. குருக்கள் கட்சி அரசியலில் தீவிரப் பங்கேற்பதை, விதிவிலக்குகளோடு, தடுக்கும் இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 287-ஆம் எண்ணை நினைப்பவர்க்கு அது உறுத்தும். கத்தோலிக்கரிடமிருந்தே அவருக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எனினும் தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். லெம்கிக்கு 90 இலட்சம் வாக்குகள் பெற்றுத் தராவிடில் வானொலியை விடுவேன் என்றிருந்தார் காக்ளின். கிடைத்தவை 9 இலட்சத்துக்கும் குறைவே.

விலகியவர் சில வாரங்களிலேயே திரும்பினார். அவரை ஆதரித்துவந்த ஆயர் கல்லகர் 1937 தொடக்கத்தில் இறந்தார். முன்னர் ‘வங்கியர்’ என்றவர் இப்போது ‘யூதர்’ என்றார். யூதர்மீது பழி சுமத்தும் போலி ஆவணம் என்று 1921-இலேயே மெய்ப்பிக்கப்பட்ட ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ 1938-இல் அவரது இதழில் தொடராக வந்தது. அவ்வாண்டு நவம்பரில் செருமனியில் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபின், அக்கொடுமைக்குக் காரணம் கற்பித்து வானொலியில் பேசினார். துன்பத்துக்கு ஒரு முகம் கேட்கும் கூட்டத்துக்கு, அருகிலிருந்த சிறுபான்மையின் முகத்தை அவர் காட்டினார். வாழ்வூதியக் கணக்கில் எவர் முகமும் தேவைப்படவில்லை. ஆகவே அது கைதட்டலும் பெறவில்லை.

அக்கணக்கு மெல்லப் பலித்தது. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1938-இல் மணிக்கு 25 சென்ட் என்னும் குறைந்தபட்ச ஊதியமும் வந்தன. பண்ணைக் கூலிகளும் வீட்டுப் பணியாளரும், அவர்களுள் பெருந்தொகையான கறுப்பின மக்களும், அவ்வூதியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இரயனின் வெற்றியிலும் இக்குறை உண்டு.

1942-இல், அரசு நெருக்கியபோதுதான், பேராயர் மூனி காக்ளினை வாய்மூடப் பணித்தார். அதற்கு முன்னரே அது நிகழ்ந்திருக்க வேண்டும். காக்ளின் கீழ்ப்படிந்தார். 1945 சனவரியில் ரூஸ்வெல்ட் நான்காம் முறை பதவியேற்றபோது இறுதி ஆசியுரை வழங்கிய இரயன், அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார். காக்ளின் 1966 வரை அதே பங்கில் திருப்பலி நிறைவேற்றி, 1979-இல் இறந்தார்.