வாயில் தொடங்கி இதயம் வரை: நிட்டினால் வந்த வழி

சென்னை பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பல் மருத்துவமனை ஒன்றில் ‘கிளிப்’ போட்டுக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு ஒரு விநோத அனுபவம் கிடைக்கலாம். குளிர்ந்த மோர் குடித்தால் பற்களின் இறுக்கம் சற்றே தளரும். சூடான காபி குடித்தால் மறுபடி இழுக்கும். வெப்பத்துக்கேற்ப விறைப்பு மாறும் வகைக் கம்பி பொருத்தப்பட்டிருந்தால் இது இயல்பு. நிக்கலும் டைட்டானியமும் அணு எண்ணிக்கையில் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்த நிட்டினால்தான் அந்தக் கம்பி.

இது பல்லுக்காகப் பிறந்த உலோகம் அல்ல. 1959 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர், ஏவுகணை முனைக்கு வெப்பம் தாங்கும் கலவை தேடிக்கொண்டிருந்தார். வார்த்தெடுத்த தண்டுகளைத் தரையில் போட்டபோது, சூடு ஆறாத தண்டு மணிபோல் ஒலித்தது. ஆறிய தண்டு மொத்தென்று விழுந்தது. பாத்திரக் கடையில் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும்: ஒலி மாறினால் உள்கட்டமைப்பு மாறியிருக்கிறது. ஆறிய தண்டில் விரிசல் இல்லை. மீண்டும் சூடாக்கினால் ஒலி திரும்பியது. 1961இல் நடந்த ஒரு கூட்டத்தில், மடித்து மடித்துச் சுருக்கிய நிட்டினால் பட்டையின் கீழ் டேவிட் மஸி என்பவர் லைட்டரைப் பிடிக்க, பட்டை தானாக நீண்டு நேரானது. நிக்கல், டைட்டானியம் என்ற இரு பெயர்களோடு ஆய்வுக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகளும் சேர்ந்ததே ‘நிட்டினால்’.

குளிரில் இதன் படிகங்கள் எளிதில் சரிந்து வளைகின்றன. இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். சூடேறினால் ஆஸ்டெனைட் என்ற பழைய ஒழுங்குக்குத் திரும்புகின்றன. இதுவே வடிவ நினைவு. ஆஸ்டெனைட் நிலையில் இருக்கும்போதே வளைத்தால், அழுத்தம் படிகத்தை மாற்றும். கையை எடுத்ததும் மாற்றம் கலையும். இது மிகைமீள்தன்மை. சாதாரண எஃகு ஒரு விழுக்காடு நீளுமுன்பே நிரந்தரமாக வளைந்துவிடும். நிட்டினால் சுமார் 8 விழுக்காடு வரை நீண்டும் மீளும்.

பல் சீரமைப்புக்கு இதைக் கொண்டுவந்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன். அவரது முதல் ஆய்வு 1971இல் வெளியானது. வழக்கமாகச் சொல்லப்படும் கதைக்கு இங்கே ஒரு திருத்தம் தேவை. எழுபதுகளில் விற்பனைக்கு வந்த நிட்டினால் கம்பிகள் வாய்க்குள் எதையும் ‘நினைவுகூரவில்லை’. குளிர்நிலையில் இழுத்து இறுக்கப்பட்டதால் அவற்றின் படிக மாற்றம் முடங்கியிருந்தது. எஃகைவிட மென்மையாக இழுத்ததே அவற்றின் பலன். மெய்யான மிகைமீள்தன்மை கொண்ட கம்பிகளைப் பற்றிய ஆய்வுகள், சீனக் கம்பியைச் சோதித்த பர்ஸ்டன் குழுவிடமிருந்து 1985இலும், ஜப்பானியக் கம்பியைச் சோதித்த மியூரா குழுவிடமிருந்து 1986இலும் வந்தன. பெயருக்கும் பண்புக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

அடுத்த பாய்ச்சலும் அந்தக் கம்பியிலிருந்தே நிகழ்ந்தது. வேர்ச்சிகிச்சையின்போது வளைந்த பல்வேரில் எஃகு அரம் நேராகவே போக முயன்று சுவரைச் சுரண்டும். 1988இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் ஆகிய மூவரும் பல் சீரமைப்புக் கம்பியையே கடைந்து வேர்ச்சிகிச்சை அரமாக்கினர். அது எஃகு அரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாக வளைந்தது. இன்று ரூட் கெனால் செய்யும்போது மோட்டாரில் சுழலும் அரங்களுக்கு மூதாதை அதுதான்.

இதயத்தில் கதை வேகம் பிடித்தது. கர்ட் ஆம்ப்லாட்ஸ் வடிவமைத்த நிட்டினால் வலை மூடி, தொடைச் சிரை வழியாகக் குழாய்க்குள் சுருங்கிச் சென்று, இதய மேலறைகளுக்கு இடையிலான சுவரின் ஓட்டையில் இருபுறமும் தட்டாக விரியும். மார்பைப் பிளக்காமல் ஓட்டையை அடைக்கும் இதற்கு 2001 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

இத்தகைய கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய இந்தியாவுக்கு முட்டுக்கட்டையாக இருந்தது மூலப்பொருள் அல்ல. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலேயே டைட்டானியத் தாது இல்மனைட் கிடக்கிறது. கேரளத்தின் சவராவில் 2011 முதல் ‘ஸ்பாஞ்ச்’ எனப்படும் கச்சா டைட்டானிய உலோகமும் தயாராகிறது. கலவையை உருக்குவதே கடினம். நிக்கல் அளவு 0.1 விழுக்காடு கூடினாலே மாற்ற வெப்பநிலை சுமார் 10 டிகிரி இறங்கிவிடும். உடல் வெப்பமோ 37 டிகிரி. தவறுக்கு இடமே இல்லை. உருகிய டைட்டானியம் ஆக்சிஜனையும் கார்பனையும் இழுத்துக்கொள்வதால் வெற்றிடத்தில்தான் வேலை.

பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் நிட்டினாலை உருவாக்க, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் அதிலிருந்து இரு கருவிகளை வடிவமைத்தது: இதய ஓட்டை மூடி ஒன்று, மூளை ரத்தக்குழாய் வீக்கத்திலிருந்து ரத்த ஓட்டத்தைத் திருப்பும் பின்னல் ஸ்டென்ட் மற்றொன்று. நிட்டினால் கருவிகளின் தொழில்நுட்பம் புனேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்கு மாற்றப்படுவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. அப்போது இறக்குமதி ஸ்டென்ட் ஒன்றின் விலை 7 முதல் 8 லட்சம் ரூபாய். உள்நாட்டில் தயாரித்தால் இது வெகுவாகக் குறையும் என்பதே அந்த முயற்சியின் கணக்கு.

ரத்தக்குழாயில் வைக்கும் கருவி பத்தாண்டு நாடித்துடிப்பைத் தாங்குமா என்று சோதிப்பது வழக்கம். நிமிடத்துக்கு 72 என்று வைத்தால், தலைமுடி அளவுள்ள கம்பி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 38 கோடி முறை வளைந்து மீள வேண்டும்.