ஐந்து பெட்டிகளும் ஒரு பெயரும்

கணிப்பொறி பற்றிய பாடநூல் எதைத் திறந்தாலும் ஒரு படத்தைக் காண்பீர்கள். நடுவில் நினைவகம், கணக்கிடும் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி; ஒருபுறம் உள்ளீடு, மறுபுறம் வெளியீடு. ஐந்து பெட்டிகள், சில அம்புக்குறிகள். என் மாணவர்கள் இதைத் தவறின்றி வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் எனியாக் என்னும் எந்திரம் உருவாகி வந்தது. அதை வடிவமைத்தவர்கள் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை! வினாடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்யும். ஆனால் ஒரு கணக்கிலிருந்து வேறொரு கணக்குக்கு மாற வேண்டுமானால், கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருகிச் சுவிட்சுகளையும் திருப்பி அமைக்க வேண்டும். அதற்கு நாட்கணக்கில் ஆகும். என்ன காரணம்? இன்ன வேலையைச் செய் என்னும் கட்டளை கம்பிகளில் இருந்தது. நினைவகமோ, பத்திலக்க எண்கள் இருபதை மட்டுமே கொள்ளும்.

இதற்கு எக்கர்ட் கண்ட வழி இயற்பியல் படிப்போருக்கு இனிப்பானது. பாதரசம் நிரம்பிய ஒரு குழாயை எண்ணிப் பாருங்கள். அதன் ஒரு முனையிலுள்ள படிகம் மின்துடிப்பை ஒலியாக மாற்றும். மின்சாரத்தோடு ஒப்பிட்டால் ஒலி ஆமை அல்லவா? ஒன்றரை மீட்டர் பாதரசத்தைக் கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். அதற்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அனுப்பிவிடலாம். மறுமுனைக்கு வருபவற்றைத் திரும்பவும் மின்துடிப்பாக்கி, வலுவூட்டி, மீண்டும் முதல் முனைக்கே செலுத்தினால் அவை சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவே நினைவகம்! ராடார் வேலையில் எக்கர்ட் பழகிய உத்தி இது.

இவ்வாறு இடம் பெருகியதும், கட்டளைகளையும் எண்களாக்கி அதே நினைவகத்தில் வைக்கலாமே என்னும் எண்ணம் உருப்பெற்றது. கட்டுப்பாட்டுப் பகுதி கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் உணர்ந்து, கணக்கிடும் பகுதியை ஏவும். கணக்கு மாறினால் கம்பியைத் தொட வேண்டியதில்லை. நினைவகத்தில் இருப்பதை மாற்றினால் போதும். உங்கள் கைப்பேசி இன்று அப்படித்தான் இயங்குகிறது.

கணித மேதை ஜான் வான் நியூமன் 1944இன் பிற்பகுதியில் இக்குழுவோடு கலந்தார். பாதரச நினைவகம் பற்றிய பேச்சு அதற்கு முன்பே அங்கே தொடங்கியிருந்தது. அடுத்த எந்திரமான எட்வாக் பற்றி அவர் ஒரு வரைவு எழுதினார். வால்வு, கம்பி என்ற விவரங்களை ஒதுக்கிவிட்டு, மூளையின் நரம்பணுக்களோடு ஒப்பிட்டு, எந்திரத்தைச் செயல்வாரியாகப் பகுத்துக் காட்டினார். நமது ஐந்து பெட்டிகள் அந்தத் தாள்களில் இருக்கின்றன. அந்தத் தெளிவு அவருடையதே. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் 1945 ஜூன் 30 என்று தேதியிட்டு அதைப் பலருக்கும் அனுப்பிய கோல்ட்ஸ்டைன், முகப்பில் நியூமன் பெயரை மட்டுமே இட்டிருந்தார். எக்கர்ட், மாக்லி பெயர்கள் இல்லை. அது முற்றுப்பெறாத வரைவு என்பது உண்மைதான். எனினும் பலர் கைக்குப் போனதால் வெளியீடாகவே கருதப்பட்டு, எட்வாக் கருத்துகளுக்கு அவ்விருவரும் காப்புரிமை பெற வழியில்லாமற் போயிற்று. 'நியூமன் அமைப்பு' என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

இத்தனைக்கும், கட்டளைகளைத் தன் நினைவகத்தில் வைத்து முதலில் ஓடிய மின்னணுக் கணிப்பொறி எட்வாக் அன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரில், 1948 ஜூன் 21 அன்று, வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் ஆகியோர் அமைத்த சிறு எந்திரம் 17 கட்டளைகளை வைத்துக்கொண்டு 52 நிமிடம் உழைத்துச் சரியான விடையைத் தந்தது. அதன் நினைவகத்தில் பாதரசம் இல்லை. டெலிவிஷன் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு கதிர்க்குழாயே இருந்தது.