ஆனந்தரங்கர் குடியும் புதுவை இலக்கியமும்

ஒரு குடி தன் காலத்து இலக்கியநெறியை மாற்றவல்லதோ? இவ்வினாவிற்குச் சீன நாட்டு வரலாறு ஒரு விடை தருகின்றது. வடசீனத்தில் ஆட்சி செலுத்திய சாவோ சாவோவும் (155–220), அவர்தம் மக்களாகிய சாவோ பீயும் (187–226) சாவோ ஜீயும் (192–232) புலவரைப் புரந்ததோடு அமையாது தாமும் பாடினர். நாட்டுப்பாடல் வழிவந்த வடிவங்களில் போரையும் பிரிவையும் பொருளாக வைத்தனர். ஐஞ்சொல் அடிகொண்ட பா அவர்களால் ஏற்றம் பெற்றது. புரவலரே புலவராயினமையின் பாவின் நெறி மாறிற்று.

இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்க குடியொன்று புதுவையில் வாழ்ந்தது. அஃது ஆனந்தரங்கப் பிள்ளையின் குடியாகும். சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709இல் பிறந்த இவர், 1747இல் ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாசியானார். இவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு தியாகராச தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி 1752இல் வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்புவை இயற்றினார். கஸ்தூரி ரங்ககவி தெலுங்கில் யாப்பிலக்கணம் செய்தார். ஒரு வணிகர் மூன்று மொழிப் புலவரையும் புரந்தமை அக்காலப் புதுவையின் பரப்பைக் காட்டும்.

எனினும், இப்புரவாண்மை தமிழ்ப் பாவின் நெறியை மாற்றவில்லை. கோவையின் காதற்றலைவன் பெயர் சுட்டப்பெறாதவன். பாட்டுடைத் தலைவன் வேறு. ஆகவே கடலும் கப்பலும் முற்றுகையுமாகிய புரவலரின் மெய்வாழ்வு அகத்துறைகளுள் புக வழியில்லை. புலவர் மரபைக் காத்தனர். புரவலர் பரிசில் ஈந்தார். அவ்வளவே.

மாற்றம் நிகழ்ந்த இடம் வேறு. 1736 முதல் தாம் இறந்த 1761 வரை பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர்தம் மாமன் நைனியப்ப பிள்ளை, ஆளுநர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி 1717இல் சிறையில் மாண்டவர். அதிகாரத்தின் நிலையாமையை இங்ஙனம் அறிந்த குடியில் தோன்றியவர், கண்டதும் கேட்டதும் நாள்தோறும் பதிந்து வைத்தமை வியப்பன்று. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டதும், 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டதும், அவ்வாண்டிலேயே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பெற்றதும் அதில் இடம்பெற்றுள்ளன. உரையாடல்கள் பேச்சுநடையிலேயே வருகின்றன. பிரெஞ்சு, போர்த்துக்கீசிய, பாரசீகச் சொற்கள் தயக்கமின்றிக் கலக்கின்றன. அவர் மறைந்த சில நாளில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும் குறிப்பு நிற்கவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை அதனைத் தொடர்ந்தார்.

1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இந்நூலை அரசியல் வரலாற்றுச் சான்றாக நிலைநாட்டியது. இலக்கிய வரலாற்றாசிரியரோ, கொச்சை மிகுதி கண்டு இதனை ஒதுக்கல் பொருந்தாது. உரைக்கும் இலக்கணத்திற்கும் அப்பால், நிகழ்ச்சியை நிகழ்ந்தவாறே கூறும் தமிழ் உரைநடை பதினெட்டாம் நூற்றாண்டில் எத்துணை ஆற்றல் பெற்றிருந்தது என்பதற்கு இதுவே பெருஞ்சான்று. சீனக் குடி தான் பாடியதனால் பாவை மாற்றிற்று. புதுவைக் குடியோ, பாடுவித்த பாக்களாலன்றித் தானே எழுதிய உரைநடையால் நிலைபெற்றது. இவ்வுண்மை தமிழ் உரைநடை வரலாற்றில் உரிய இடம் பெறுதல் வேண்டும்.