இதுக்கு மேலயும் இருக்கா?

பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தானே சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் முன்னால் பாடிய கௌஹர் ஜான், மூன்று நிமிடம் தீரப்போகும் நேரத்தில் பாட்டை முடித்து, தன் பெயரை ஆங்கிலத்தில் ஓங்கிச் சொல்வார். மெழுகில் பதிந்த ஒலி கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் ஆலைக்குப் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்ப வேண்டும். ஆலையில் இருப்பவனுக்கு அந்தப் பாஷையும் தெரியாது, கௌஹர் ஜானையும் தெரியாது. பெயர் பாட்டுக்குள்ளேயே இருந்தால்தான் தட்டின் நடுவில் சரியான பெயரை ஒட்டமுடியும். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டு ஹாலில் அந்தக் குரலை ஓடவிட்டபோது அப்பா சிரித்துவிட்டார். "பரவால்லயே, யாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

அப்பா ஏன் சிரித்தார் என்று சொல்ல ஒரு காசெட்டின் கதையைச் சொல்லவேண்டும். அதற்கும் முன்னால், இந்த ஊர் வீடுகளுக்குள் பாட்டு வந்த கதையைக் கொஞ்சம்.

பினாங்குக்குப் பாட்டு கடல் வழியாக வந்தது. கைஸ்பெர்க் அதே பயணத்தில் 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து பதிவுகள் செய்துவிட்டுப் போனார். பிறகு சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் ஆட்களை இறக்கிய துறைமுகம் இது. துணியும் மசாலாவும் வந்த வழியில் இசைத்தட்டும் வந்தது. பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியும் ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைக்கவேண்டும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மடித்துத்தான் வைத்தார்கள்.

'ஆல்பம்' என்ற சொல் வந்ததே அந்தத் தட்டுகளை அடுக்கிவைக்கும் அட்டைப் புத்தகத்தால்தான். புகைப்பட ஆல்பம் மாதிரி, ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு தட்டு. 1948இல் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் நீண்ட தட்டைக் கொண்டுவந்ததும், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளுமளவு இடம் கிடைத்தது. புத்தகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நாம் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி வேறொன்றுக்கு வைத்துக்கொண்டோம். தமிழில் 'ஆல்பம் பாட்டு' என்றால் படத்தில் வராத பாட்டு. ஒற்றைப் பாட்டாக இருந்தாலும் அது ஆல்பம்தான். ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கும் பழக்கம் நம்மிடம் வலுவாக வேரூன்றவில்லை என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி என்று எனக்குத் தோன்றும். படப்பாட்டு தனித்தனியாகத்தானே வானொலியில் வரும்.

வானொலி என்றதும் பினாங்குக்காரர்கள் கொஞ்சம் பெருமை பேசலாம். பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934இலேயே ஒலிபரப்பைத் தொடங்கியது, மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தது 1938இல். (அதற்கு முன்பே சென்னையில் மாநகராட்சி ஒலிபரப்பு இருந்தது, அதனால் பெருமையை அளவோடு வைத்துக்கொள்வோம்.)

என்னை அதிகம் ஈர்ப்பது அடுத்து வந்த ரீடிஃப்யூஷன். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பி வானொலி அது. பினாங்கிலும் அதன் கம்பிகள் வீடுகளுக்கும் காப்பிக்கடைகளுக்கும் போயின. ஏரியல் வேண்டாம், அலைவரிசை தேடவேண்டாம், இரைச்சல் இல்லை. சுவரில் ஒரு பெட்டி, ஒரு திருகு, மாதாமாதம் சந்தா. ஹொக்கியனிலும் கான்டனிஸிலும் கதைசொல்லிகள் பேச, கடையே காப்பியை மறந்து உட்கார்ந்திருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மாதச் சந்தா கட்டினால் கம்பி வழியாகத் தெளிவான ஒலி வீட்டுக்கு வரும். இன்று நாம் ஸ்ட்ரீமிங் என்று சொல்வதற்கும் அதற்கும் ஒரே பெரிய வித்தியாசம், என்ன கேட்பது என்று பெட்டி முடிவு செய்தது, நாம் இல்லை. அந்த வித்தியாசமும் எத்தனை நாளைக்கோ. பாட்டு முடிந்ததும் செயலி தானே அடுத்ததைத் தேர்ந்தெடுத்து ஓட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்ப்பெட்டி ஞாபகத்துக்கு வரும்.

முடிவைக் கேட்பவன் கையில் கொடுத்தது காசெட். 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த சின்னப் பொருள், எண்பதுகளில் லிட்டில் இந்தியாவை ஆண்டது. மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு கடையின் பாட்டு முடியும் இடத்தில் அடுத்த கடையின் பாட்டு தொடங்கும். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், காலி காசெட்டில் பதிந்து கொடுப்பார்கள். அப்பா அப்படி 1988இல், கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரு காசெட் பதியக் கொடுத்தார். அப்போது அவருக்கு பட்டர்வொர்த்தில் பட்டறை வேலை. காலையில் ஃபெரியில் போய், மாலையில் ஃபெரியில் திரும்புவார். ஏ பக்கத்துக்குப் படப்பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பி பக்கத்துக்கு எழுத எதுவும் தோன்றாமல், "ராஜா பாட்டு ஏதாச்சும் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

கடைக்காரர் போட்டுக் கொடுத்ததில் பாட்டே இல்லை. வெறும் வயலின். அப்பா ஏமாந்துபோய், அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவைத்தார்: 'ராஜா. வயலின். பாட்டு இல்லை.'

ஆனால் கேட்டார். ஏ பக்கம் முடிந்து காசெட் தானே திரும்பும் ரேடியோ எங்கள் வீட்டில் இருந்தது. எழுந்து நிறுத்தச் சோம்பல். இப்படி வருஷக்கணக்காகக் கேட்டதில் அது வீட்டின் சத்தமாகிவிட்டது. நான் அதைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறேன். அந்த இசைக்குப் பின்னால் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். அது டேப்பின் இரைச்சல். ஒரு காசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று பதியும்போது மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, இரைச்சல் ஏறும். எங்களுக்கு வந்தது எத்தனையாவது நகல் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

அது 'ஹவ் டு நேம் இட்?'. 1986இல் இளையராஜா வெளியிட்ட, படத்துக்காக இல்லாத தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கியது. பெயரே ஒரு கேள்வி: இதற்கு எப்படிப் பெயர் வைப்பது? எங்கள் வீட்டில் அந்தப் பெயரும் தெரியாது, அது ஒரு தொகுப்பு என்றும் தெரியாது. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று உண்டு. தனி வயலினுக்காக பாக் எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் ராஜாவின் வயலின்கள் வேறொரு பேச்சைத் தொடங்கும். தலைப்பு ராஜாவின் வீட்டைச் சொல்கிறது. என்னைக் கேட்டால் எங்கள் வீட்டுக்கும் பாக் வந்திருக்கிறார், யாரென்று சொல்லாமல்.

கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள், செயலி தானாக ஓட்டிய வரிசையில் அந்த வயலின் வந்தது. பெயர் அப்போதுதான் தெரிந்தது. சரியாகக் கேட்கவேண்டும் என்ற ஆசையும் அப்போதுதான் பிடித்தது. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய ஜோடி ஸ்பீக்கர் ஒன்றை 180 வெள்ளிக்குப் பேரம் பேசி வாங்கினேன். கணினிக்கும் அதற்கும் நடுவில், எண்களை ஒலியாக மாற்றும் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று. பிறகு லாஸ்லெஸ் சந்தா.

லாஸ்லெஸ் என்றால் பெரிய மந்திரம் இல்லை. குறுந்தட்டில் ஒலி ஒவ்வொரு நொடியும் 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட்டில் எழுதப்படுகிறது. இரண்டு காதுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 போன்றவை காது கவனிக்காது என்று கணக்குப் போட்டதை எறிந்துவிட்டு அதை 320க்கோ அதற்கும் கீழோ கொண்டுவரும். லாஸ்லெஸ் எதையும் எறியாமல் நெருக்கி மடிக்கும். ஆப்பிள் 2021 ஜூனில் கூடுதல் காசு கேட்காமல் கொடுக்கத் தொடங்கியது. 2013இல் மலேசியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, 2025 செப்டம்பரில்தான் லாஸ்லெஸ்ஸை அறிவித்தது.

ஆடியோ பித்துப் பிடித்த அண்ணன்மார்கள் கோபிக்கவேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டு 320 எது, லாஸ்லெஸ் எது என்று கேட்டால் பத்துக்குப் பத்து என்னால் சொல்லமுடியாது. ப்ளூடூத்தில் கேட்டால் பெரும்பாலும் அந்த வித்தியாசமும் வழியிலேயே போய்விடும். பழைய தமிழ்த் தொகுப்புகள் சிலவற்றில் கோப்பு பெரிதாக இருக்கும், ஒலி சிறுத்திருக்கும். மோசமான நகலை எவ்வளவு பெரிய கோப்பில் வைத்தாலும் அது மோசமான நகல்தான். எனக்குப் பெரிய மாற்றம் தந்தது வேறு: இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு, போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, வரிசை மாற்றாமல் கேட்டது. வரிசை முக்கியம் என்று அடெல் கேட்டுக்கொண்டதால்தான் 2021இல் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தின் பெரிய பொத்தானிலிருந்து கலைத்துப்போடும் வேலையை எடுத்தது.

அந்த நாற்காலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவை உட்கார வைத்தேன். மழை இல்லாத வயலின். வில் கம்பியைத் தொடும் உரசல். இடது பக்கம் ஒரு கூட்டம், வலது பக்கம் ஒரு கூட்டம். எனக்குப் புல்லரித்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"அதேதாம்மா."

"நல்லாக் கேளுங்கப்பா. வித்தியாசமே தெரியலயா?"

"அதே வயலின்தான. சத்தம் கொஞ்சம் கூட இருக்கு."

கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகுதான் உறைத்தது. பட்டறைச் சத்தத்தில் முப்பது வருஷம் இருந்த காது அது. போன வருஷம் கேட்கும் திறன் பரிசோதனையில் வரைபடத்தைக் காட்டினார்கள். கோடு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. இயந்திரச் சத்தம் முதலில் அரிப்பது அந்த இடத்தைத்தான். நான் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிய உரசலும் மினுமினுப்பும் பெரும்பகுதி அங்கேயும் அதற்கு மேலேயும் இருக்கின்றன. அப்பா காதுக்குள் இன்னும் அந்தப் பழைய காசெட்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசித் துண்டின் நடுவில் ஓரிடத்தில் அப்பா கையைத் தூக்கினார். அந்த இடத்தில்தான் எங்கள் டேப் தீர்ந்து, டொக்கென்று நிற்கும். எழுந்து போய் காசெட்டை எடுக்கும் கை அது.

நிற்கவில்லை. இசை மேலே போனது.

அப்பா முதுகை நிமிர்த்தினார். "இதுக்கு மேலயும் இருக்கா?"

முப்பத்தேழு வருஷமாக அவர் கேட்காத மீதி. முடியும்வரை கையை இறக்கவில்லை. முடிந்ததும் கொஞ்சநேரம் ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு கேட்டார், "யாரு வாசிக்கிறது?"

நான் பார்த்த திரையில் 'இளையராஜா' என்று மட்டும் இருந்தது. தேடிச் சொன்னேன்: முன்னணி வயலின் வி.எஸ். நரசிம்மன். அப்பாவுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. இத்தனை வருஷம் வீட்டில் வாசித்த ஆளின் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று. எல்பி அட்டையின் பின்பக்கத்தில் பெயர்களுக்கு இடம் இருந்தது. காசெட் அட்டையில் சுருங்கியது, பதிந்து கொடுத்த காசெட்டில் அதுவும் போனது. ஒலியைத் துளி விடாமல் கொண்டுவரும் சேவையில், வாசித்தவர் பெயருக்கு இன்னும் அந்த அக்கறை இல்லை.

அன்றைக்கே அப்பா, "லோகா பாட்டு போடு" என்றார். ஆலிகேட்ஸ். போட்டேன். திரையில் குழுவின் பெயர், மலாய்த் தலைப்புகள், அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில் இந்த ஊரில் சேர்ந்த குழு அது. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள், பெரிய ஆஃப்ரோ முடியோடு. ஹாங்காங் கிளப்புகளில் பாடிவிட்டு வந்து 1979இல் 'தெரிமா காசே' தொகுப்போடு மலாய்ப் பாட்டில் இடம் பிடித்தவர்கள். லோகா 2007இல் இறந்துபோனார். இதெல்லாம் தெரியாத தமிழ்ப் பிள்ளை ஒன்று அந்தப் பாட்டை இன்று கேட்டால், பாடுவது ஆறுமுகத்தின் பிள்ளைகள் என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? அப்பா தலைமுறைக்கு அட்டைப்படம் சொன்னது. "நம்ம பசங்க, பினாங்குப் பசங்க" என்று எங்கள் சித்தப்பாக்கள் சொன்னார்கள்.

கௌஹர் ஜானைப் போட்டது அதற்கடுத்த வாரம்.

காசெட் இப்போது ஓடாது. பினாங்கு ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. அட்டை மட்டும் நன்றாக இருக்கிறது. 'பாட்டு இல்லை' என்பதற்குக் கீழே, வேறு நிற மையில், இப்போது 'வி.எஸ். நரசிம்மன்' என்று இருக்கிறது. எழுதியதை என்னிடம் காட்டவில்லை. தூசி தட்டும்போது பார்த்தேன்.

ஞாயிறு மாலைகளில் நாற்காலி அப்பாவுக்குத்தான். முதலிலிருந்து போட்டால், "அந்தக் கடைசியில போடும்மா, டேப் அறுந்துபோற எடத்துலருந்து" என்பார்.