உறை இறங்கிய இடம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் சாலையோரமாக சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விற்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் கழிவுநீர்க் குழிக்கு வாங்கிப் போவார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு உறை வேண்டியதில்லை. வெடி வைத்துப் பாறையை உடைத்துத்தான் இறங்குகிறோம். பக்கச் சுவர் தானாக நிற்கும். மணலும் களிமண்ணுமான சமவெளியில் அப்படி இல்லை. தோண்டத் தோண்டச் சரியும். அந்தச் சரிவைத் தடுக்கப் பிறந்ததுதான் உறை.

முதலில் அது சுட்ட மண் வளையம். குழிக்குள் இறக்கி, உள்ளிருந்து மண்ணை அள்ள அள்ள உறையும் கூடவே கீழே போகும். அதன் தலையில் அடுத்த உறை உட்காரும். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்ந்தபோது இப்படி அடுக்கிய உறைகிணறுகள் வரிசை குலையாமல் கிடைத்தன. பட்டினப்பாலையிலும் உறைகிணறு வருகிறது. அப்படித் தண்ணீருக்காக இறங்கிய உறை, 1818-ல் சென்னை எழும்பூரில் வேறொரு வேலைக்குப் போனது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய சபை இங்கிலாந்துத் திருச்சபை அல்ல. வழிபாட்டு முறையும் வேறு. தங்களுக்கென்று ஒரு ‘கிர்க்’ வேண்டும் என்றார்கள். ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயத்துக்கு அதுதான் பெயர். கட்டும் பொறுப்பு கம்பெனியின் பொறியாளர் தாமஸ் ஃபியோட் டி ஹாவிலாண்டிடம் வந்தது. காவிரியில் செங்கல் வளைவுப் பாலம் கட்ட முடியும் என்று நிரூபிக்க, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நூறடிக்கும் மேல் அகலமான ஒற்றை வளைவை முன்பே எழுப்பிக் காட்டியவர் அவர்.

முன்மாதிரி லண்டனின் செயின்ட் மார்ட்டின் தேவாலயம். அதை வடிவமைத்த ஜேம்ஸ் கிப்ஸும் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தவர். வரைபடம் கடல் கடந்து வந்துவிட்டது. ஆனால் கூவத்தை ஒட்டிய எழும்பூர் மண் ஈர மண். உயர்ந்த கோபுரத்தையும் வட்ட மண்டபத்தின் பெரிய கவிமாடத்தையும் அதன்மேல் எப்படி நிறுத்துவது? வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை.

பதில் இந்த ஊர்க் கிணற்றில் இருந்தது. டி ஹாவிலாண்ட் சுட்ட மண் உறைகளை வரிசை வரிசையாக இறக்கிக் கிணறுகளையே அஸ்திவாரமாக்கினார். தண்ணீர் எடுக்க இறங்கிய உறை அன்று பாரம் சுமக்க இறங்கியது. மேலே பதினாறு தூண்கள் எழுந்தன. அவற்றின் மேல் கவிமாடம் கவிந்தது. அதன் உட்புறத்துக்கு நீலம் பூசி நட்சத்திரங்கள் தீட்டினார்கள். 1821 பிப்ரவரியில் ஆலயம் திறந்தது.

அப்போது சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழு ஆண்டுகள் இங்கே நிலம் அளந்து வரி வகுத்தார். இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அந்தப் பாராமகால்தான். ஒரு நாட்டை ஆள அதன் மண்ணைக் காலால் நடந்து அறிய வேண்டும் என்பதை அவர் எங்கள் காடுமேடுகளில் கற்றார். அதே பாடத்தைக் கட்டடக்காரர் எழும்பூர்ச் சேற்றில் கற்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டவர்கள் போய்விட்டார்கள். கிர்க் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்து, இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. அங்கே போகிறவர்கள் அண்ணாந்து நீல வானத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஒரு கணம் காலடியையும் நினைக்க வேண்டும். டி ஹாவிலாண்டின் பெயரைச் சொல்லும் வாய், அந்த உறைகளை வனைந்து சுட்ட குயவர்களையும், குழிக்குள் நின்று மண் அள்ளியவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்த கட்டடத்துக்கு இந்த மண்ணில் நிற்கக் கால் கொடுத்தவர்கள் அவர்கள்.

சாலையோர சிமெண்ட் உறையை இப்போதெல்லாம் கடந்து போகும்போது என் வண்டியின் வேகம் குறைகிறது.