மூளைக்காயமும் ராஸியின் சோதனையும்

யூனானி நூல்களைப் பயின்றோர் ‘சர்ஸாம்’ என்னும் நோய்ப் பெயரை அறிவர். பாரசீக மொழியில் ‘ஸர்’ என்றால் தலை. தலையிலும் பிடரியிலும் நாட்கணக்கில் பாரமும் வலியும், வெளிச்சத்தைக் கண்டால் கூச்சமும், உறக்கமின்மையும் முன்னே தோன்றிப் பின்னர் முற்றும் அந்நோயை, மூளை உறையின் அழற்சி என இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். அந்நாளில் அதற்குக் கண்ட சிகிச்சை, இரத்தக் குழாயைக் கீறிக் குருதியை வெளியேற்றுவது. கிரேக்கர் காலந்தொட்டு வந்த வழக்கம் அது. அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென எண்ணியவர் அரியர்.

அவ்வரியவருள் ஒருவர் அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி. ரை நகரிற் பிறந்து, அந்நகர மருத்துவமனைக்கும் பின்னர் பக்தாது மருத்துவமனைக்கும் தலைமை ஏற்று, கி.பி. 925-ஆம் ஆண்டையொட்டி மறைந்தவர். சர்ஸாமின் முன்குறிகள் தோன்றிய நோயாளருள் ஒரு கூட்டத்தாருக்கு அவர் குருதி வாங்கினார்; மற்றொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே வாங்காது விட்டார். மறதியால் அன்று, வறுமையால் அன்று. உண்மை இன்னதென்று தெளிய வேண்டி அவ்வாறு செய்ததாக அவரே எழுதி வைத்தார். விடப்பட்டவரை நோய் பற்றியது என்றும் குறித்தார். அவர் மறைந்தபின் மாணவர் அவருடைய குறிப்புகளைத் திரட்டி ‘அல்-ஹாவி’ என்னும் பெருந்தொகையாக்கினர். 1279-ஆம் ஆண்டில் ஃபரஜ் இப்னு ஸாலிம் என்னும் யூத மருத்துவர் அதனை இலத்தீனில் பெயர்த்து முடித்தார்.

நம்மவர் மேடைகளில் ராஸியைப் பற்றிப் பேசுவோர், பெரியம்மையையும் மணல்வாரியையும் பிரித்துக் காட்டிய அவருடைய நூலைச் சொல்லி அமைந்துவிடுவர். நாம் இந்தச் சிறு குறிப்பையே பெரிதென மதிக்கின்றோம். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. குருதி வாங்குதல் சர்ஸாமுக்கு மருந்தன்று. இரு கூட்டத்தாரும் எத்தனை பேர், எப்படிப் பிரிக்கப்பட்டனர் என்பதை அக்குறிப்புச் சொல்லவில்லை. ஆயினும், மருந்து பெற்றவரை மட்டும் பார்த்தால் மருந்தின் தன்மை விளங்காது, பெறாதவரையும் அருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே முளைத்துவிட்டது. அவ்வெண்ணம் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்து மூளைக்காய மருத்துவத்தின் வரலாறே சான்று. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

தலையில் அடிபட்ட ஒருவர் பேசிக்கொண்டே வீடு வந்து, இரவில் நினைவிழந்த செய்தியை நம் வாசகருட் பலர் கேட்டிருப்பர். அடிபட்ட கணத்தில் நேர்வது முதற் சேதம். அதன்பின் மணிக்கணக்கில், நாட்கணக்கில், மண்டையோட்டுக்குள் குருதி கசிந்தும் மூளை வீங்கியும் நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தும் நிகழ்வது இரண்டாம் சேதம். குர்துபாவின் அறுவை மேதை அஸ்-ஸஹ்ராவி, மண்டையோட்டைத் துளைக்கும் கருவி உறையைக் கிழித்து உள்ளே பாய்ந்துவிடாதபடி அதன் முனைக்குச் சற்று மேலே வளையம் அமைத்துக் கொடுத்தார். எலும்பையும் உறையையும் பற்றிய அறிவு அத்தனை தூரம் முன்னரே சென்றிருந்தது. உறைக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நரம்பணு ஏன் மடிகிறது என்பதற்கு மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை விடையில்லை.

விடை உப்பிலே இருந்தது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலிய உப்புப் பொருள்கள் நீரிற் கரையும்போது மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகின்றன. அவற்றை அயனிகள் என்பர். லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் வெட்டியெடுத்த தவளை இதயத்தை உப்புநீரில் இட்டுத் துடிக்கவைத்து வந்தார். குழாய்நீருக்குப் பதிலாக வாலைவடிநீரில் உப்புநீர் தயாரித்தபோது துடிப்பு நின்றது. குழாய்நீரில் கலந்திருந்த கால்சியமே அதுகாறும் இதயத்தை இயக்கிற்று என்று 1883-ஆம் ஆண்டில் எழுதினார்.

அடுத்து உதவியது கணவாய். நம் கடற்கரை ஊர்களில் கறியாக்கி உண்ணும் ஊசிக்கணவாயின் உடலில், அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள நரம்பிழை ஒன்று ஓடுகிறது. மனித நரம்பிழையோ நுண்ணோக்காடியிற் காணத்தக்க மென்மை உடையது. 1939-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்தக் கணவாய் இழைக்குள் மின்முனையைச் செலுத்தி அளந்தனர். சில கிழமைகளில் உலகப்போர் மூண்டது. இருவரும் போர்ப்பணிக்குச் சென்றனர். திரும்பி வந்து தொடர்ந்த ஆய்வு 1952-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. நரம்பிழையின் சவ்வில் சோடியத்திற்கு ஒரு வழியும் பொட்டாசியத்திற்கு ஒரு வழியும் உள்ளன. அவை திறந்து மூடுவதே நரம்பின் செய்தி என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அவ்வேளை கிடைக்காமையால், கையாற் சுழற்றும் பொறியைக் கொண்டே ஹக்ஸ்லி அக்கணக்கைப் போட்டு முடித்தாராம். 1976-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்வின் நேஹரும் பெர்ட் ஸாக்மனும், ஒரே ஒரு வாயில் திறந்து மூடும்போது பாயும் மின்னோட்டத்தையே அளந்துவிட்டனர்.

இவ்வாயில்களே காயத்தின்போது பகையாகின்றன. நரம்பணுவின் உள்ளே உள்ளதைப் போல ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு கால்சியம் வெளியே உள்ளது. அதனை வெளியே நிறுத்தி வைக்க அணு இடைவிடாது உழைக்கின்றது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆன மூளை, உடல் பெறும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுவதற்கு இவ்வுழைப்பும் ஒரு காரணம். குருதி தடைப்பட்டால் உழைப்பு நிற்கும். அணுக்கள் குளூட்டமேட் என்னும் செய்திப்பொருளை அளவின்றிக் கொட்டும். அது அண்டை அணுக்களின் வாயில்களைத் திறக்கும். கால்சியம் வெள்ளமென உட்புகுந்து அணுவை உள்ளிருந்தே அரிக்கும். ஒன்று மடிய அதனருகே மற்றொன்று மடியும்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஜான் ஓல்னி, குளூட்டமேட் உப்பை இளஞ்சுண்டெலிகளுக்கு ஊசிவழி செலுத்தி அவற்றின் மூளையணுக்கள் அழிந்ததைக் கண்டார். இவ்வுப்பே அஜினமோட்டோ என்று கடைகளில் விற்கப்படுவது. தாய்மார் அஞ்சவேண்டா: குருதிக்கும் மூளைக்கும் இடையே இறைவன் அமைத்த காவல் உண்டு; உணவிற் சேரும் சிறிதளவு, ஊசிவழி ஏற்றிய பேரளவுக்கு ஒப்பாகாது.

1984-ஆம் ஆண்டில் இரு செய்திகள் சேர்ந்து வந்தன. குளூட்டமேட்டின் முதன்மையான வாயில் ஒன்றை இயல்பாக அடைத்துக் காப்பது மக்னீசியம் என்று தெரிந்தது. அவ்வாயிலை மருந்தால் அடைத்தால், குருதி தடைப்பட்ட எலியின் மூளை பிழைக்கிறது என்று பிரையன் மெல்ட்ரம் குழுவினர் காட்டினர். ஆய்வுலகம் மகிழ்ச்சியில் ஆழ்ந்தது. நோய்க்கு மருந்துண்டு என்னும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நாமும் அம்மகிழ்ச்சியை விளங்கிக்கொள்ள முடியும்.

பின்வந்தவை தோல்விகள். வாயிலை அடைக்கும் செல்ஃபோடெல் என்னும் மருந்தின் சோதனைகள், பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும், 1990-களில் இடையிலேயே நிறுத்தப்பட்டன. தலைக்காயமுற்ற 499 பேரிடம் நடந்த மக்னீசியச் சோதனை 2007-இல் நன்மை காட்டவில்லை. பக்கவாதம் கண்ட 1,700 பேருக்கு ஆம்புலன்ஸ் வண்டியிலேயே மக்னீசியம் ஏற்றத் தொடங்கினர். 2015-இல் வெளியான அம்முடிவும் அதுவே. பக்கவாதத்தில் மூளையைக் காக்கவென ஆய்வுக்கூடங்களில் முயன்ற 1,026 சிகிச்சைகளை 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒருங்கே எண்ணினர். அவற்றுள் மனிதரிடம் சோதிக்கப்பட்டவை 114 மட்டுமே.

எலியிற் பலித்தது மனிதரிற் பலிக்காதது ஏன்? எலிக்குக் காயத்திற்கு முன்னரோ சில நிமிடங்களிலோ மருந்து தரலாம். சாலையில் விழுந்தவர் மருத்துவமனை சேர மணிக்கணக்காகும். அதற்குள் குளூட்டமேட் வெள்ளம் வடிந்திருக்கவும் கூடும். அன்றியும், அதே குளூட்டமேட்டும் அதே கால்சியமும் நினைவுக்கும் பேச்சுக்கும் பின்னாளில் தேறுதலுக்கும் வேண்டுவன. கள்வனைத் தடுக்கக் கதவை அடைத்தால் வீட்டாரும் வெளியே நிற்க நேர்கிறது. எலிச் சோதனைகளிற் பல, ராஸி கேட்ட கேள்வியைக் கூட நேர்மையாகக் கேட்கவில்லை என்பதும் எம் கருத்து. எந்த எலிக்கு மருந்து சென்றது என்பதை அறிந்தவரே பலனையும் எடைபோட்டால், கண் விரும்பியதையே காணும்.

தோற்ற மருந்துகளாவது சோதனையிலே தோற்றன. சோதனையின்றியே வழங்கிய ஒன்றின் வரலாறு இன்னும் கடுமையானது. மூளைக் கட்டியைச் சூழ்ந்த வீக்கத்தை ஸ்டீராய்டு மருந்து வியக்கத்தக்க வகையில் தணிப்பது 1960-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. தலைக்காயத்திலும் வீக்கம்தானே என்று மருத்துவர் பலர் அதனைக் கொடுக்கலாயினர். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உலகின் பல பகுதிகளில் இவ்வழக்கம் நிலவிற்று. நடந்த சிறு சோதனைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தும் நன்மையோ தீமையோ துணிய இயலவில்லை.

இருபதாயிரம் பேரைச் சேர்த்துத் துணிந்துவிடுவது என்று லண்டனிலிருந்து ஒரு குழு 1999-இல் தொடங்கியது. ‘கிராஷ்’ என்பது அச்சோதனையின் பெயர். காயமுற்ற எட்டு மணிக்குள் வந்தவருள், குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு ஸ்டீராய்டும் பாதிப்பேருக்கு மருந்தற்ற நீரும் ஏற்றினர். 49 நாடுகளின் 239 மருத்துவமனைகள் பங்குகொண்டன.

உயிருக்குப் போராடும் ஒருவரின் மகனிடம், உம் தந்தைக்கு மருந்தும் கிடைக்கலாம், வெறும் நீரும் கிடைக்கலாம் என்று எந்த நாவால் சொல்வது? அறம் பேசுவோர் இதனைக் கேட்டனர், கேட்கவேண்டிய கேள்வியே. ராஸியிடமும் அக்காலத்தார் கேட்டிருக்கக் கூடும். விடை 2004-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில் கண்காணிப்புக் குழுவினர் சோதனையை நிறுத்தினர். இரண்டு கிழமைக்குள் இறந்தவர், மருந்து பெற்றவருள் 1,052 பேர், பெறாதவருள் 893 பேர். நூற்றுக்கு 21.1, நூற்றுக்கு 17.9. மருந்து மறுக்கப்பட்டவர் என்று நாம் இரங்கியவரே மிகுதியாகப் பிழைத்தனர். முந்தைய நாற்பதாண்டுகளில் இம்மருந்தால் எத்தனை வீடுகளில் ஜனாஸா எழுந்ததோ, அதனைக் கணக்கிடுவார் இல்லை. கொடுத்தவர் எவரும் தீங்கு நினைத்தவர் அல்லர்.

இம்முடிவு தலைக்காயத்திற்கு மட்டும் உரியது. அதே இன மருந்து வேறு பல நோய்களில் உயிர் காக்கின்றது. கிருமியால் வரும் மூளை உறை அழற்சியில், அதாவது ராஸியின் சர்ஸாமை ஒத்த நோயில், தொடக்கத்திலேயே கொடுத்தால் இறப்பைக் குறைப்பதாக 301 பேரிடம் செய்த ஐரோப்பியச் சோதனை ஒன்று 2002-இல் காட்டியது.

அயனி வாயில் ஆராய்ச்சி முற்றும் வீண்போகவில்லை. மூளையின் மேற்பரப்பில் குருதிக்குழாய் புடைத்து வெடித்தோருக்கு, கால்சிய வாயிலை அடைக்கும் நிமோடிபின் மாத்திரை பயன்படுவதை 554 பேரிடம் நடந்த பிரிட்டானியச் சோதனை 1989-இல் நிறுவியது. மூளைத் திசு மடிந்தவர், மாத்திரை பெறாதாருள் நூற்றுக்கு 33, பெற்றாருள் 22. தலைக்காயத்திற்கு அவ்வாறு நிலைபெற்ற வாயிலடைப்பு மருந்து இன்னும் இல்லை. குருதிக் கசிவைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை, முன்னைய குழுவின் வழிவந்தோர் 12,737 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டனர். ஜப்பானிய இணையர் ஒகாமோட்டோ 1962-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த மலிவான மருந்து அது. காயம் மிகக் கடுமையாகாதவருள், மூன்று மணிக்குள் அதனைப் பெற்றோரிடம் தலைக்காய இறப்புக் குறைந்தது. நினைவு முற்றும் இழந்து வந்தோரிடம் குறையவில்லை.