பின்வாங்கும் வழியிலிருந்து பேக்கப் வரை: விஎம் ஸ்னாப்ஷாட்டின் வரலாறு

தென்காசிப் பக்கம் மென்பொருள் என்றதும் மத்தளம்பாறையும் ஸ்ரீதர் வேம்புவும்தான் பேச்சில் வருவார்கள். 2011இல் ஸ்ரீதரின் ஜோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தபின், இலஞ்சி, செங்கோட்டைப் பிள்ளைகளுக்கு மென்பொருள் வேலை உள்ளூர் வேலையாகிவிட்டது. ஸ்ரீதரின் சகோதரர் சேகர் வேம்பு சென்னையில் தொடங்கிய வேம்பு டெக்னாலஜிஸைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஸ்னாப்ஷாட் எடுக்கும் முறையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டென்றால் அது அந்த நிறுவனத்தின் வழியாகத்தான். தவறு நேர்ந்தால் பின்வாங்குவதற்கென்று பிறந்த வசதி, பேக்கப் எடுப்பதற்கான படியாக எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விஎம் என்னும் கருத்து பழையது. ஐபிஎம்மின் சிபி-40 1967இல் ஓடத் தொடங்கியது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. ஆனால் வெளிவந்த நிலையில் 155 மாடலில் விஎம்/370க்கு வேண்டிய முகவரி மாற்று வன்பொருள் கிடையாது. கூடுதல் செலவில் பொருத்திக்கொள்ள வேண்டும். ஒரே குடும்பப் பெயர் இருந்தும் சொத்தில் பங்கில்லை.

நமக்கு வேண்டிய கிளை ஸ்டான்ஃபோர்டில் முளைக்கிறது. 1997இல் மெண்டல் ரோசன்ப்ளமும் அவர் மாணவர்களும் வெளியிட்ட 'டிஸ்கோ' ஆய்வில், பல விஎம்கள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் செய்த மாற்றம் மட்டும் தனியே வைக்கப்பட்டது. அக்குழுவிலிருந்து 1998இல் விஎம்வேர் பிறந்தது. 1999இல் வந்த அதன் வொர்க்ஸ்டேஷனின் தொடக்கப் பதிப்புகளில், வேலை முடிந்ததும் மாற்றங்களை ஏற்கவோ உதறவோ வழி இருந்தது. ஸ்னாப்ஷாட் என்ற பெயரிலேயே அந்த வசதி 2003இல் நான்காம் பதிப்பில் வந்தது. அப்போது ஒரு விஎம்முக்கு ஒன்றுதான். 2005இல் பல ஸ்னாப்ஷாட்டுகள் கிளை பிரிந்தன. சேமிப்பகத் துறையில் நெட்ஆப் 1990களிலேயே இதைச் செய்திருந்தது: இருக்கும் பிளாக்கின்மேல் எழுதாமல், புது இடத்தில் எழுதி, பழையதை அப்படியே விட்டுவைப்பது.

உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் நொடியில் வட்டின் நகல் எதுவும் உருவாவதில்லை. மூல வட்டுக் கோப்பில் எழுதுவது நிறுத்தப்படுகிறது. பக்கத்தில் 'டெல்டா' என்று பெயர் தாங்கிய சிறு கோப்பு தோன்றுகிறது. இனி எழுதுவதெல்லாம் அதில். படிக்கும்போது முதலில் டெல்டாவில் தேடி, அங்கே இல்லையென்றால் மூலத்துக்குப் போக வேண்டும். மூலம் கெட்டால் டெல்டா வெறும் துணுக்கு. டெல்டாவோ எழுத எழுத வளர்ந்து, மூல வட்டின் அளவையே எட்டிவிடும். இக்கோப்புகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோர் நிரம்பினால் விஎம் நின்றுபோகும். ஸ்னாப்ஷாட் தொடர் 32 வரை நீளலாம் என்றாலும், இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், 72 மணி நேரம் தாண்ட வேண்டாம் என்றே விஎம்வேர் அறிவுறுத்துகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் 'டெலீட்' பட்டனைக் கண்டு அஞ்சுவார்கள். அதுதான் மாற்றங்களை மூலத்தோடு சேர்த்துக் காப்பாற்றும். இன்றைய வேலையை மண்ணாக்குவது 'ரிவர்ட்'.

ஆக, ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. ஆனால் ஓடும் விஎம்மின் வட்டைச் சிறிது நேரம் அசையாமல் பிடித்துத் தரும். 2006இல் விஎம்வேர் தன் பேக்கப் முறையை இதன்மேல்தான் கட்டியது. 2009இல் அதன் விஸ்பியர் 4, கடைசி பேக்கப்புக்குப் பின் மாறிய பிளாக்குகளை மட்டும் அடையாளம் காட்டும் வசதியைச் சேர்த்தது. வேம்பு டெக்னாலஜிஸ் நுழைந்தது இந்த வாசல் வழியாக. ஸ்டோர்கிரிட் என்ற பேக்கப் மென்பொருளோடு தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் பிடிஆர் சூட் மூலம் விஎம்வேர் விஎம்களையும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி விஎம்களையும் கையாண்டது. இவ்வகை மென்பொருள் விஎம்முக்குள் எதையும் நிறுவாமல், விஎம்களை இயக்கும் ஹைப்பர்வைசரிடம் ஸ்னாப்ஷாட் கேட்கிறது, மாறிய பிளாக்குகளை வேறு சேமிப்பகத்துக்கு இழுக்கிறது, பிறகு ஸ்னாப்ஷாட்டை நீக்கச் சொல்கிறது. நடுவில் வேலை அறுந்தால் ஸ்னாப்ஷாட் அநாதையாக நின்று, யாரும் கவனிக்காமல் வளரும். நிர்வாகிகளின் தலைவலிகளில் இதற்கு முதல் வரிசை.

இன்னொரு சிக்கல் காலம் சார்ந்தது. பயனர் கணக்குகளைப் பல சர்வர்களில் ஒத்துவைக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் சர்வர் ஒன்றைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், மாற்றங்களுக்குத் தான் இடும் வரிசை எண்களை அது மறுபடி பயன்படுத்தும். மற்ற சர்வர்கள் அவற்றை முன்பே பெற்றுவிட்டதாகக் கருதி, புதிய மாற்றங்களை வாங்காமல் விட்டுவிடும். விண்டோஸ் சர்வர் 2012, விஎம் பின்னோக்கி நகர்ந்ததை உணர்த்தும் அடையாள எண்ணைக் கொண்டுவந்தது. 2016 பதிப்பின் ஹைப்பர்-வி ஒரு படி மேலே போனது: ராமின் நிலையைச் சேமிக்காமல், விண்டோஸின் பேக்கப் சேவையைக் கொண்டே டேட்டாபேஸ்களை ஒழுங்குபடுத்தி ஸ்னாப்ஷாட் எடுப்பதை இயல்பு அமைப்பாக்கியது. அப்படி மீட்ட விஎம் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை; பேக்கப்பிலிருந்து எழுந்த கணினியைப் போல, புதிதாக பூட் ஆகிறது.